கேலப்பின் இடது கை

1

இந்த ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமையோடு என் அக்கா பேச்சியம்மாள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. திதி பார்த்தால் வேறு நாள் வரும். ஆனால் அவள் போன செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் டிராஃப்ட் நடந்துகொண்டிருந்தது. அதனால் டிராஃப்ட் தொடங்குகிற சனிக்கிழமையையே அவள் நாளாக வைத்துக்கொள்வோம் என்று நானும் என் மனைவி செல்வியும் முடிவு செய்தோம்.

காலையில் செல்வி அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் எண்ணெய்ப் புரோட்டாவும் சால்னாவும் வைத்தாள். எங்கள் ஊர் ஆமத்தூரிலிருந்து விருதுநகருக்கு எதற்காக வந்தாலும் அக்கா கேட்பது அது ஒன்றைத்தான். செல்வி மல்லாங்கிணற்றுக்காரி, அந்த ருசி அவளுக்குத் தெரியும். இங்கே அமெரிக்காவில் கிடைக்கிற மாவில் அது வராது என்று சொல்லிக்கொண்டே போட்டாள். படத்தில் அக்கா இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் வைத்திருக்கிறாள். கைகள் வெளியே தெரிகிற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இருக்கிற எல்லாப் படங்களும் அவள் கை வெந்த பிறகு எடுத்தவை.

நான் கும்பிட்டுவிட்டு நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டு வேலைக்குக் கிளம்பினேன். வெளியே பனி தூறியது. அலுவலக வாசலில் காவலர் என்னைப் பார்த்து இனிய டிராஃப்ட் நாள் என்று வாழ்த்தினார். நானும் அவருக்கு அதையே சொன்னேன். லீவு கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டாசு ஆபீஸில் போய் லீவு கேட்டால் என்ன சொல்வார்களோ அதைத்தான் இங்கேயும் சொல்வார்கள்.

2

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்பவர்களுக்கு ஒரே மூச்சில் என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அக்காவிடம் மட்டும் அது செல்லாது.

இங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற, எறிகிற ஆட்டம். பந்தை எறிகிறவனுக்கு முன்னால் மலை மாதிரி ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதில்லை. எறிகிறவன் மீது எதிராளிகள் வந்து விழாமல் தடுப்பதுதான் அவர்கள் வேலை. அந்த வரிசையின் இரண்டு கடைசியிலும் நிற்பவனுக்கு டாக்கிள் என்று பெயர். பந்து எறிகிறவன் பெரும்பாலும் வலது கைக்காரன். வலது பக்கம் திரும்பி நிற்பதால், இடது பக்கத்திலிருந்து முதுகுக்குப் பின்னால் வருகிறவனை அவனால் பார்க்க முடியாது. இடது டாக்கிள் சறுக்கினால் எறிகிறவனின் முதுகெலும்பு போகும். வருடா வருடம் ஏப்ரலில், கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களை எல்லா அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். அதுதான் டிராஃப்ட். நான் இருக்கும் அணிக்கு எந்த டாக்கிளை எடுக்கலாம் என்று வால்ட்டும் நானும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வால்ட் அந்தக் காலத்தில் தானே டாக்கிளாக ஆடியவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலைக்காகத்தான் நான் இங்கே சேர்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டியதில் எனக்கும் கண் பழகிவிட்டது. பிறகு குறிப்பு எழுதவும் சொன்னார்கள். முருகேசன் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை. முதல் வாரத்திலேயே மர்ஃபி ஆக்கிவிட்டார்.

நான் எழுதிய முதல் குறிப்பில் ஒரு பையனுக்குக் கை நீளம் என்று எழுதினேன். நமக்குத் தோளிலிருந்து நகம்வரை எல்லாம் கைதான். ஆங்கிலத்தில் தோள் தொடங்கி மணிக்கட்டு வரை ஒரு சொல், அதற்குக் கீழே வேறு சொல். நான் இரண்டாவதை எழுதிவிட்டேன். கூட்டத்தில் அதைப் படித்துப் பார்த்து, இந்தப் பையனுக்கு விரல்கள் குட்டையாயிற்றே என்று ஆளாளுக்குக் குழம்பினார்கள். காரணம் தெரிந்ததும் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொல்லும்போதுதான் முகம் சுட்டது.

இரண்டையும் தனித்தனியாக அளப்பார்கள். தோளிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒன்று. கையை முழுக்க விரித்துக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை இன்னொன்று. இரண்டாவது நம்முடைய சாண்தான். டாக்கிளுக்குச் சாண் முக்கியம். உள்ளங்கையை விரித்து எதிராளியின் நெஞ்சுக் கவசத்தில் குத்தி, அங்கேயே பற்றி நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கையை அளக்குறது, காலை அளக்குறது, ஓடவிட்டுப் பாக்குறது. மாட்டுத் தாவணியில தரகு பாக்குறேன்னு சொல்லிட்டுப் போயேம்லே" என்றாள்.

3

அக்காவும் ஆபீஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். ஆமத்தூரில் காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தால், தூக்குவாளியோடு ஆபீஸுக்குக் கிளம்புகிற பெண்கள் தெருமுனையில் கூடுவார்கள். எங்கள் அப்பா அம்மா காலத்தில் காட்டு வேலை. மழை பொய்த்துப் பொய்த்து, அக்கா வயதுக்கு வந்த சமயத்தில் தெருவில் பாதிப்பேர் ஆபீஸுக்கு மாறிவிட்டார்கள். அவளைக் கட்டியவர் கொஞ்ச காலத்திலேயே திருப்பூர் போய், அங்கே வேறு குடும்பமாகிவிட்டார். பிள்ளை இல்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அவளுக்கென்று இருந்த துணை, அடுத்த வீட்டு ராமுத்தாய். இரண்டு பேருக்கும் ஒரே வேன், செட் என்று நாங்கள் சொல்லும் ஒரே கொட்டகையில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற வேலை.

நான் அமெரிக்கா வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு கோடையில், சீசனுக்கு லோடு லோடாகச் சரக்கு போய்க்கொண்டிருந்த சமயம், அவர்கள் செட்டுக்குப் பக்கத்துச் செட்டில் தீப்பிடித்தது. மருந்து கலக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். அக்கா வெளியே ஓடி வந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்த ராமுத்தாயின் சேலை முதுகுப் பக்கம் எரிகிறது. அக்கா அந்தத் தீயைத் தன் இரண்டு கைகளாலும் அடித்தே அணைத்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு கையும் தலையணை மாதிரி கட்டு. கட்டுப் பிரிக்கிற நாளில் நானும் கூட நின்றேன். தொடையிலிருந்து தோலெடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார்கள். புண் ஆறிவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். தீக்காயத்தில் ஆறிய பிறகுதான் அடுத்த கஷ்டம் தொடங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒட்டிய தோல் நாளாக ஆகச் சுருங்கும். விரல்களை உள்ளே இழுக்கும். மூடிப் பிடிக்க வரும், விரிக்க வராது. பலகை வைத்துக் கட்டி, தினமும் விரித்து விரித்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். பலகையோடு சோறாக்க முடியாது, தண்ணீர் எடுக்க முடியாது. நான் இருந்த ஐந்தாறு வாரமும் செய்தாள். நான் கிளம்பியதும் கழற்றி வைத்துவிட்டாள்.

மார்கழியில் போன் செய்தால், விடிந்ததிலிருந்து கை விரியவே இல்லை, வெயில் ஏறட்டும் என்று காத்திருக்கிறேன் என்பாள். அதைச் சொல்லும்போது குறையாகச் சொல்ல மாட்டாள். பஸ் இன்னும் வரவில்லை என்பது மாதிரி சொல்வாள்.

4

எங்கள் அணியின் மருத்துவர் ஒருவர் கை நிபுணர். ஆட்டக்காரர்களுக்கு விரல் முறிவதும் தசைநார் அறுவதும் தினப்படி விஷயம். ஒருநாள் அக்காவின் கைகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். அழைத்து வா, திரும்ப ஒரு அறுவை சிகிச்சை செய்தால் பாதியாவது விரியும் என்றார். எனக்கு அன்று ஆகாயத்தில் நடப்பது மாதிரி இருந்தது.

அக்காவுக்குப் பாஸ்போர்ட் எடுப்பதற்கே ஒரு வருடம் போனது. பள்ளிச் சான்றிதழில் பேச்சியம்மாள், ரேஷன் கார்டில் பேச்சி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்க விருதுநகருக்கு எத்தனை தடவை அலைந்தாளோ. அதற்குப் பிறகு விசா நேர்காணலுக்குச் சென்னை போனாள். அந்தச் சமயத்தில்தான் எல்லாரிடமும் விரல் ரேகை எடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

சாயங்காலம் லாட்ஜிலிருந்து கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்களாம். வைத்தாளாம். படியவில்லை என்று துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார்களாம். விரலைப் பலகையில் நேராகப் படுக்க வைக்கவே வராது, ரேகை எங்கிருந்து வரும்? பிறகு ஒரு பெரிய அதிகாரி வந்து அவள் கையைப் பார்த்து, பரவாயில்லை அம்மா என்று தமிழிலேயே சொல்லி அடுத்த ஜன்னலுக்கு அனுப்பினாராம்.

அடுத்த ஜன்னலில் கேட்ட கேள்விகள் வேறு. கணவர் எங்கே, பிள்ளைகள் எத்தனை, நிலம் உண்டா, வேலை என்ன. எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னாளாம். கேட்டவர் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் திரும்பி வருவதற்கு உங்களுக்கு இங்கே எதுவும் இல்லையே என்று சொல்லி மறுத்துவிட்டார்.

"இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்க்கா" என்றேன்.

"வேணாம்லே" என்றாள். "ஆமத்தூருக்குத் திரும்பி வர எனக்கு என்ன இருக்குன்னு கேக்காக. ஊருக்கு வர காரணம் வேணும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அதற்குப் பிறகு நான் எவ்வளவோ கேட்டும் அவள் சம்மதிக்கவில்லை.

5

2007-இல் எங்கள் அணிக்கு இடது டாக்கிள் கட்டாயம் தேவைப்பட்டது. வால்ட்டுக்கு ஒரு பையன் மேல் ஆசை விழுந்துவிட்டது. கேலப் என்று பெயர். நிலக்கரி வெட்டுகிற மலைப் பக்கத்துப் பையன். சின்னக் கல்லூரி. அவ்வளவு பெரிய உடம்புக்கு அத்தனை லேசான கால்களை நான் பார்த்ததில்லை. பின்னால் சறுக்கிச் சறுக்கிப் போகும்போது தரையில் சத்தமே கேட்காது என்று தோன்றும். கல்லூரி இரண்டாம் வருடத்தில் வீட்டில் குப்பை எரிக்கும்போது பெட்ரோல் ஊற்றி இடது கை வெந்து, தோல் ஒட்டியிருந்தார்கள். அதன் பிறகும் இரண்டு வருடம் ஆடியிருக்கிறான். கை நன்றாக ஆறிவிட்டது என்று மருத்துவச் சான்று இருந்தது. சாண் அளவும் இருந்தது. அளந்தது வலது கையை.

அவனுடைய ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தேன். செப்டம்பர், அக்டோபர் ஆட்டங்களில் ஒரு குறையும் இல்லை. நவம்பரில் குளிரில் ஆடிய ஆட்டங்களை ஓட்டியபோது நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன். இடது கை விரிந்து போகவில்லை. பாதி மூடியபடி, மணிக்கட்டு முட்டுகிற மாதிரி போய் விழுந்தது. விழுந்த கை பற்றி நிற்காமல் வழுக்கியது. வழுக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் கால்கள் அந்தத் தவறைச் சரிக்கட்டிவிட்டன. எல்லாரும் கால்களையே பார்த்தார்கள். எங்கள் நகரத்தில் நவம்பர், டிசம்பர் முழுக்கப் பனியில்தான் ஆட்டம்.

டிராஃப்டுக்கு முன்னால் பையன்களை அலுவலகத்துக்கு வரவழைத்துப் பேசுவார்கள். கேலப் வந்தான். கதவில் குனிந்து நுழைந்து, வலது கையால் எங்கள் கையைக் குலுக்கினான். இடது கையில் தொப்பியை வைத்திருந்தான். வால்ட்டுக்குப் போன் வந்து அவர் வெளியே போனார். நாங்கள் இருவரும் அவனுடைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் தண்ணீர் எடுக்கத் தொப்பியை மேசையில் வைத்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தப் பளபளப்பான தோல் தெரிந்தது.

காலை நேரத்தில் விரிகிறதா என்று கேட்டேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "உங்கள் வீட்டில் யாருக்கு?" என்றான்.

"அக்காவுக்கு. இரண்டு கையும்."

அவன் எதையும் மறைக்கவில்லை. குளிர் நாளில் மத்தியானம் ஆகிவிடும் என்றான். வெந்நீரில் வைத்தால் கொஞ்சம் முன்னதாக விரியுமாம். டாக்டர்கள் எல்லாரும் வெதுவெதுப்பான அறையில் வைத்தே பார்த்தார்கள், அவர்கள் சொன்னது பொய்யில்லை என்றான். பிறகு, "உங்கள் அக்காவுக்கு அப்புறம் விரிந்ததா சார்?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

"இதைச் சொல்லிவிடுவீர்களா?"

"நீ சொன்னதைச் சொல்ல மாட்டேன். வீடியோவில் இருப்பதைக் காட்டித்தான் ஆக வேண்டும்."

அவன் தலையாட்டினான். தொப்பியை எடுத்துத் திரும்பவும் இடது கையில் வைத்துக்கொண்டான். வால்ட் உள்ளே வந்து கால்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அன்று இரவு வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்திலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. நீ செய்வது சரிதான் தம்பி என்பாள் என்று நினைத்திருக்கலாம்.

"ஏலே, சொல்லாத" என்றாள்.

கை சரியில்லாதவனை வைத்து ஆடினால் பின்னால் நிற்கிறவன் உயிருக்கு ஆபத்து என்று விளக்கினேன். அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். மதுரையிலிருந்து வந்த அடுத்த வருடம், தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் லேபிள் ஒட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறாள். விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே பேசி வேலை வாங்கியிருக்கிறாள். கொஞ்ச நாள் ஓடியிருக்கிறது.

"ஒரு நா காலையில பனி. பசைச் சட்டி கையைவிட்டு நழுவிருச்சு. போர்மேன் வந்து, எங்க, கையை விரிச்சுக் காட்டுங்கன்னாக. அம்புட்டுப் பேரும் பாக்காக. அவரு நல்ல மனுசந்தான். வீட்டுல இருங்கம்மான்னு தன்மையாத்தான் சொன்னாக. அன்னையிலயிருந்து வீட்டுலதான் இருக்கேன்." மூச்சு வாங்கினாள். "அவன் பொளப்புலே அது. அந்தப் பய கையை நீ விரிச்சுக் காட்டச் சொல்லாத."

பார்க்கிறேன் அக்கா என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை வால்ட்டிடம் நவம்பர் ஆட்டங்களை மட்டும் தனியாக வெட்டிக் காட்டினேன். கையைப் பாருங்கள் என்றேன். அவர் பார்த்தார். திரும்ப ஓட்டச் சொன்னார். பிறகு எழுந்து, கால் தாங்கித் தாங்கி, எடுக்க நினைக்கிற பையன்களின் பெயர்களை வரிசையாக ஒட்டியிருக்கும் சுவர்ப் பலகைக்குப் போய், கேலப் பெயர் எழுதிய காந்தப் பட்டையை எடுத்து அடியில் கொண்டுபோய் ஒட்டினார். நல்ல வேலை செய்தாய் மர்ஃபி என்றார். அவர் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. திரும்ப அதே இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். அதனால் மனது ஆறிவிடுகிறது என்று சொல்ல முடியவில்லை.

6

டிராஃப்டின் இரண்டாம் நாள் கடைசி நேரத்தில், தெற்கே வெயில் ஊர் அணி ஒன்று கேலப்பை எடுத்தது. அந்த வாரம் அக்கா தானாகவே கூப்பிட்டாள். மிஸ்டு கால்தான் கொடுப்பாள். அன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்தப் பயல எடுத்துட்டாகளா?"

"எடுத்துட்டாங்கக்கா."

அது உண்மைதான். எங்கள் அணியா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் சிரித்த சிரிப்பை விசா மறுத்த பிறகு நான் கேட்டதில்லை. நீ சொல்லலதான, எனக்குத் தெரியும்லே என்றாள்.

ஆகஸ்டில், முதல் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே, பயிற்சியில் அந்த ஒட்டுத்தோல் கிழிந்துவிட்டது. அந்த அணி அவனை விடுவித்தது. வேறு யாரும் எடுக்கவில்லை. தன் ஊரில் லாரி ஓட்டுகிறான் என்று யாரோ சொன்னதாகப் பிறகொரு நாள் வால்ட் சொன்னார்.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கேட்டாள், விளையாடுகிறான் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். பையனுக்கு அம்மா இருக்கிறாளா, சாப்பாடெல்லாம் யார் போடுகிறார்கள், குளிருக்குக் கையை வெந்நீரில் வைக்கிறானா என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். நானும் இல்லாத பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழினி என்று ஆசையாகப் பெயர் வைத்தோம். அவள் நாக்கில் ழ வராது, யாளினி என்பாள். அக்காவும் யாளினி என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லைத் தவிர அவர்கள் இருவருக்கும் பொதுவாக எதுவும் இல்லை. அத்தை வேகமாகப் பேசுவது அவளுக்குப் புரியாது. அத்தை, நல்லா இருக்கீங்களா என்று ஒப்பித்துவிட்டுச் சுடுகிற பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல் போனை என்னிடம் தந்துவிடுவாள்.

தீபாவளி அன்று அக்கா அவளிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அந்தப் பையன் நன்றாக விளையாடுகிறானா என்று கேட்டிருக்கிறாள். யாழினிக்குக் கேள்வி புரிந்துவிட்டது. கேலப்பை விடுவித்த செய்தியை அவளும் கணினியில் படித்தவள்தான். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆமா என்று சொல் என்று சைகை காட்டினேன். சொன்னாள். போனை வைத்த பிறகு, என்னை எதற்குப் பொய் சொல்ல வைத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அத்தைக்கு வருத்தமாக இருக்கும் என்றேன். அப்படியென்றால் உங்கள் பொய்யை நீங்களே சொல்லுங்கள் என்று மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் மணி அடித்தால் அவள் கீழே வருவதில்லை. அக்கா, பிள்ளைக்குப் பரீட்சையா என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அதுவும் ஒரு பொய்.

7

போன வருடம் ஏப்ரலில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று ஊரில் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் ராமுத்தாய் போய் எழுப்பினால் நினைவில்லை. விருதுநகருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பெரியப்பா மகன் சுடலை அண்ணன்தான் போன் செய்தார். ஐஸ் பெட்டி வாங்கி வைத்திருக்கிறோம், கரண்டு போய்ப் போய் வருகிறது, என்ன செய்ய என்று கேட்டார். எனக்காக வைக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். சுவரில் டிராஃப்ட் பலகை. சுற்றிலும் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாரையோ எடுத்துவிட்டோம்.

காரியத்துக்கு யாழினி தானும் வருவதாகச் சொன்னாள். நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆமத்தூருக்கு அவள் சின்ன வயதில் வந்ததோடு சரி.

வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். தெருப் பெண்கள் வந்து அழுதார்கள், பிறகு உட்கார்ந்து பேசினார்கள். எப்போ வந்தீக, சாப்பிட்டீகளா, பிள்ளை எம்புட்டு வளந்துருச்சு என்றார்கள். யாழினி நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். யார் தொட்டாலும் விலகவில்லை.

ராமுத்தாய் கடைசியாக வந்தாள். முதுகுத் தழும்பு ஜாக்கெட்டுக்கு மேலே கழுத்துவரை ஏறியிருந்தது. அவள் அழவில்லை. என் முன்னால் உட்கார்ந்து கேட்டாள்.

"தம்பி, அந்தக் கை வெந்த பையன் இப்பவும் வெளையாடுறானா?"

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"படுக்கிறதுக்கு முந்துன நாகூட அவன் பேச்சுத்தான். என் கை மாதிரியே ஒரு கையாம், எந் தம்பி அதை வச்சே அவனைச் சேத்துவிட்டிருக்கான்னு தெருவெல்லாம் சொல்லுவா. ஆபீஸ் வேன்ல ஏறுறவக அம்புட்டுப் பேருக்கும் தெரியும். அவன் நல்லா இருக்கானா தம்பி?"

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் மறுநாள் காலை அதே வேனில் ஏறப் போகிறவர்கள். அக்காவிடம் போனில் அத்தனை மாதம் சரளமாக வந்த பொய் இப்போது வரவில்லை. உண்மையும் வரவில்லை.

"ஆமா" என்று ஒரு குரல் கேட்டது. யாழினி. "நல்லா வெளையாடுறான்."

அவளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த தமிழ் அது இல்லை. தீபாவளியன்று போனில் அத்தை கேட்ட அதே சொற்களை, அத்தையின் இழுவையோடு, அப்படியே சொன்னாள். ராமுத்தாய் கை நீட்டி அவள் கன்னத்தை வழித்து நெற்றியில் முறித்தாள்.

யாழினி என் பக்கம் பார்க்கவில்லை. ராமுத்தாய் மற்றப் பெண்களிடம் திரும்பி, "நாஞ் சொன்னேன்ல" என்றாள்.